என்ஜின் இல்லாத காரும் வண்டிக்கார அக்காவும்

மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில் நடந்தது இது. ரந்தாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் லோரி டிரைவராக இருந்தேன். இருந்தேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. வெள்ளைக்காரத் தொரைமார் ஓடிப்போனார்கள். லோரியை ராணுவம் கொண்டுபோய்விட்டது. பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிற வேலையும் நின்றுபோனது. நானும் லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்களோடு சேர்ந்து மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த நிலைமையிலும் எனக்கு ஒரு பைத்தியம் இருந்தது. கார் ரேஸ்!

சண்டைக்கு முன்னால் எங்கள் சின்ன தொரை லீவு நாளில் மற்ற தோட்டத்துத் தொரைமாரோடு செம்மண் சாலையில் பந்தயம் விடுவார். அவருடைய ரேஸ் கார் கப்பலில் வந்த புதுக் கார் இல்லை. யாரோ ஓட்டித் தேய்த்த ஒரு பழைய கார். கூரையை அறுத்து, கதவைக் கழற்றி, சீட்டைத் தரையோடு தரையாக இறக்கி, அவரே செய்துகொண்டது. அதைக் கழுவித் துடைப்பது என் வேலை. துடைக்கும்போதெல்லாம், 'இதை நாமும் செய்யலாமே' என்று தோன்றும். ஆனால் தோட்டத்துக்காரனுக்குக் கார் எங்கே கிடைக்கும்?

ஜப்பான்காரன் வந்தபிறகு கிடைத்தது. பெட்ரோலைக் கண்ணால் பார்க்க முடியாத காலத்தில் காரை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? வசதியுள்ள வீடுகளிலேயே காருக்குள் கோழி அடைத்திருந்தார்கள். நல்ல காரையெல்லாம் ராணுவம் எடுத்துக்கொண்டது. ஓடாத காரைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் இல்லை. என்னைப்போன்ற ஒருவன் காருக்குச் சொந்தக்காரனாக வேண்டுமென்றால் அதற்கு இதுதான் காலம் என்று நினைத்தேன். சண்டை ஒருநாள் முடியத்தானே வேண்டும்?

கோலா கிளாவாங் பக்கம் ஒரு சீன மெக்கானிக் இருந்தார். முன்பு எங்கள் தோட்டத்து லோரிக்கு ரிப்பேர் பார்த்தவர். என் ரேஸ் பைத்தியம் அவருக்குத் தெரியும். கருவாடு விற்க வந்த ஒருவர் மூலமாக அவர் சொல்லியனுப்பினார்: "சின்னக் கார் ஒன்று கிடக்கிறது. வந்து எடுத்துக்கொள்."

எடுத்துக்கொள் என்றால் எப்படி? இடையில் மலைப்பாதை. இழுக்க மாடு வேண்டும். எங்கள் தோட்டத்தில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு மாட்டு வண்டி. அது ஓர் அக்காவுடையது. அவருடைய புருசனைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். போனவரைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. அக்கா தானே மாடு பூட்டி, விறகும் கிழங்கும் ஏற்றி, ரந்தாவுக்கு ஓட்ட ஆரம்பித்துவிட்டார். செவலை ஒன்று, மயிலை ஒன்று, இரண்டு காளைகள். சிப்பாய்கள் வருகிறார்கள் என்றால் முதலில் மாடுகளை மேல்காட்டுக்கு ஓட்டிவிட்டுத்தான் தன்னைப் பற்றி யோசிப்பார். வாயைத் திறந்தால் கங்காணியே ஒதுங்கிப் போவார்.

நான் போய்க் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"ஏன் தம்பி, மாடு இழுக்கிற காருக்கா இந்த ஆட்டம் ஆடுற?"

"இப்ப மாடு இழுக்கட்டும்க்கா. சண்ட முடிஞ்சா பறக்கும் பாருங்க."

"பறந்தா என்னையும் ஏத்திக்கிட்டுப் போ. என் கிழங்குக் கொல்லைக்கு வேலி கட்டிக் குடுத்துரு. வண்டி வரும்."

அவ்வளவுதான் பேரம்.

மலையேறி, கோலா கிளாவாங் தாண்டி, மெக்கானிக்கின் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு ஆளையே அடையாளம் தெரியவில்லை. லோரி டயரை ஒற்றைக் கையால் தூக்கிய மனிதர், எலும்பும் தோலுமாக நின்றார். மலேரியா. பட்டறை பூட்டிக் கிடந்தது. அதற்குப் பின்னால் ஒரு கொட்டகையில் ஒளிந்திருந்தார். அவர்கள் குடியிருப்புக்குள் சிப்பாய்கள் புகுந்த அன்று அவர் விறகு பொறுக்கக் காட்டுக்குப் போயிருந்தாராம். திரும்பி வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. அவர் சொன்னது அவ்வளவுதான்.

கார் எனக்காகவே காத்திருந்ததுபோல நின்றது. சின்னதாக, பச்சை நிறத்தில், ஒடுங்கின மூக்கோடு. என்ஜினைக் கழற்றிச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார். நான் காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எங்கே அறுக்க வேண்டும், எதைக் கழற்ற வேண்டும் என்று மனதுக்குள் அப்போதே வேலையை ஆரம்பித்துவிட்டேன். என்ஜினை வண்டியில் ஏற்றி முடித்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"காவான், காருக்கு எனக்கு ஒண்ணும் வேண்டாம். என்னையும் கொண்டு போ. ஜப்பான்காரன் இங்கே தேடிக்கிட்டே இருக்கான். இன்னிக்கு இல்லேன்னா நாளைக்குப் பிடிச்சுருவான்லா."

மலாயில்தான் சொன்னார். காவான் என்றால் கூட்டாளி. சீனர் என்றாலே ஜப்பான்காரனுக்கு எதிரி; அவர்களை ஒளித்துவைத்தவர்களையும் உயிரோடு விட்டதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். மலை அடிவாரத்தில் சிப்பாய்களின் தடுப்பு இருந்தது. வரும்போதே எங்களை நிறுத்தி, குனிந்து கும்பிட வைத்துத்தான் விட்டார்கள்.

என் வாயால் இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. அக்கா மறுத்துவிடுவார், பழி என்மேல் வராது என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அக்கா திரும்பி அந்த மனிதரைப் பார்த்தார். பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவன் சாப்பிட்டானா?"

எங்களுக்கென்று கட்டிக்கொண்டு வந்த அவித்த மரவள்ளிக்கிழங்கை எடுத்து மெக்கானிக்கின் கையில் கொடுத்தார். அவர் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். அப்புறம் காரைக் காட்டி, "அந்த மூக்குக்குள்ள எடம் இருக்குல்ல?" என்றார்.

இருந்தது. என்ஜின் இருந்த இடம் காலி. அடியில் பலகையைக் கம்பியால் கட்டி, சாக்கு விரித்து, அவரை ஒருக்களித்துச் சுருண்டு படுக்கவைத்தோம். என்ஜின் மூடியின் இரண்டு பக்கமும் காற்று போக வரிவரியாகத் திறப்பு இருந்தது நல்லதாகப் போனது. மூடியை இறக்கி, மேலே மாட்டுக்கான புல்லுக்கட்டைப் போட்டோம். காரைச் சங்கிலியால் வண்டியின் பின்னால் பிணைத்து, நான் ஸ்டீரிங்கில் உட்கார்ந்தேன். எனக்குச் சொந்தமான கார். அதில் முதல் சவாரி. ஆனால் சந்தோஷப்பட நெஞ்சில் இடமில்லை.

மலையில் ஏறும்போது நான் இறங்கி, ஜன்னல் வழியாக ஸ்டீரிங்கைப் பிடித்தபடி தள்ளினேன். இறக்கத்தில் கைப்பிரேக்கை இழுத்து இழுத்து உள்ளங்கை எரிந்தது. இடையிடையே மூடியைத் தட்டுவேன். உள்ளிருந்து மெல்லப் பதில் தட்டு வரும். உயிரோடு இருக்கிறார்.

அடிவாரத் தடுப்பில் நிறுத்தினார்கள். இறங்கிக் குனிந்து கும்பிட்டோம். இரண்டு சிப்பாய்கள் மாடுகளைச் சுற்றி வந்து தொடையைத் தட்டிப் பார்த்தார்கள். இன்னொருவன் காரிடம் வந்தான். எதற்குக் கார் என்று அரைகுறை மலாயில் கேட்டான். சக்கரத்தைக் கழற்றிக் கிழங்கு வண்டி செய்யப் போகிறோம் என்றேன். வண்டியில் கிடந்த என்ஜினைக் காட்டினேன். அவன் நம்பினானோ என்னவோ, துப்பாக்கியின் அடிக்கட்டையால் புல்லுக்கட்டைக் கீழே தள்ளினான். மூடியை ஓங்கித் தட்டினான்.

"புக்கா!"

திற என்கிறான். என் கை மூடியின் கொக்கி வரைக்கும் போய் அங்கேயே நின்றுவிட்டது. அவன் என் கன்னத்தில் விட்ட அறையில் காது அடைத்துக்கொண்டது. அறைபட்டு நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன். அக்கா செவலையை நுகத்தடியிலிருந்து அவிழ்த்துவிட்டார்.

கயிற்றைப் பிடித்து நேராக அந்தச் சிப்பாயிடம் நடத்திக்கொண்டு வந்தார். அவனுக்கும் காருக்கும் நடுவில் மாட்டை நிறுத்தி, கயிற்றை அவன் கையில் திணித்து, இடுப்பு ஒடிகிற மாதிரி குனிந்தார்.

"துவான், மாக்கான். பாகூஸ்," என்றார். "தின்னுங்க தொரை, நல்ல மாடு."

அவர்களும் பசியோடு இருந்தவர்கள்தான். மற்ற இரண்டு பேரும் கூச்சல்போட்டுக்கொண்டு ஓடி வந்து மாட்டைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் கழுத்தைக் கட்டிப் பிடித்தான். காரைத் திறக்கச் சொன்னவன் சிரித்தபடி கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, போ போ என்று எங்களைப் பார்த்துக் கையை வீசினான்.

இரண்டு மாட்டு வண்டியை ஒற்றை மாடு எப்படி இழுக்கும்? அக்கா யோசிக்கக்கூட இல்லை. செவலை இருந்த பக்கம் தானே போய் நுகத்தடிக்குத் தோள் கொடுத்தார். மயிலையை அதட்டினார். வண்டி நகர்ந்தது.

ஒரு வளைவு தாண்டி தடுப்பு கண்ணுக்கு மறைந்ததும் நான் நிறுத்தச் சொல்லி ஓடினேன். வண்டியிலிருந்த என்ஜினைப் புரட்டிப் பள்ளத்தில் தள்ளினேன். ரேஸாவது மண்ணாவது! பாரம் குறைந்தால் போதும் என்றிருந்தது.

"வெலகுங்கக்கா. நான் இழுக்கிறேன்."

"நீ ஸ்டீரிங்க விட்டா கார் பள்ளத்துல போயிரும். அதுக்குள்ள ஒரு உசுரு கெடக்கு. போய் ஒக்காரு."

"நீங்க வந்து ஸ்டீரிங்கப் புடிங்களேன்."

"எனக்கு அது தெரியுமா? மயிலையும் உன்கூட நடக்காது. என் வாடை இல்லாட்டி ஒரு அடி வைக்க மாட்டான். நேரம் ஆவுது, போ தம்பி."

அவர் சொன்னது அத்தனையும் சரி. அதனால்தான் தாங்க முடியவில்லை.

நான் போய்க் காரில் உட்கார்ந்தேன். வண்டி காலியாகிவிட்டதால் அதன் ஊடே எனக்கு எல்லாம் தெரிந்தது. மயிலை ஜோடியைத் தேடித் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கத்தியது. ஒவ்வொரு முறையும் அக்கா அதன் கழுத்தைத் தடவி, ஏதோ சொல்லி, மறுபடி குனிந்து இழுத்தார். வெயிலில் செம்மண் புழுதி அவர் காலைச் சுற்றி எழும்பியது. சேலை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தோள்பட்டையில் முதலில் வியர்வையின் ஈரம் தெரிந்தது. அப்புறம் சிவப்பாக ஒரு கறை. நான் கனவு கண்ட காரில் நான் உட்கார்ந்திருக்க, ஒரு பெண் மாட்டோடு மாடாக அதை இழுத்துக்கொண்டு போனார். ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பெரிய சாலையை விட்டு ஒரு ரப்பர் காட்டுக்குள் திரும்பிய பிறகுதான் மூடியைத் திறந்தோம். மெக்கானிக்கை இரண்டு பேருமாகத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. அவர் தண்ணீர் குடித்துவிட்டு நுகத்தடியைப் பார்த்தார். ஒரே மாடு. அக்காவின் தோளைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. காரின் பின்னால் போய்க் கையை வைத்துத் தள்ளத் தயாராக நின்றார்.

"இவன் ஒருத்தன், நிக்கவே தெம்பில்ல," என்று அக்கா திட்டினார். ஆனால் தடுக்கவில்லை.

அங்கிருந்து காட்டுப் பாதைகளிலேயே இரவு தங்கி, மம்பாவ் பக்கமாகச் சுற்றி, மறுநாள் தோட்டம் வந்து சேர்ந்தோம். மேல்காட்டில் ஒரு குடிசை போட்டு மெக்கானிக்கை வைத்தோம். லயத்தில் பலருக்குத் தெரியும், கங்காணிக்கும் தெரியும். ஜப்பான்காரன் போகும்வரை ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. சாப்பாடுதான் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது.

கொல்லைக்கு வேலி கட்டப் போன அன்று, அக்கா மாட்டுக் கொட்டகையில் மயிலையின் கழுத்தில் முகம் வைத்து அழுதுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மறைக்கவில்லை. "செவலைய என் வீட்டு மனுசன்தான் கன்னுக்குட்டியா வாங்கியாந்தாரு," என்றார். "திரும்பி வந்து கேட்டா என்ன சொல்றதுன்னுதான் யோசிக்கிறேன்."

"அப்ப எப்படிக்கா அன்னிக்குக் கயித்த அவுத்தீங்க?"

"நம்ம கையால கெழங்கு வாங்கித் தின்னவன் தம்பி. அவனை எப்படி விட்டுக் குடுக்கிறது?" என்றார். மூக்கைச் சிந்திவிட்டு, வேலிக் கம்பு கோணலாக நிற்கிறது என்று என்னைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்.

சண்டை முடிந்தது. நான் தள்ளிவிட்ட என்ஜின் அந்தப் பள்ளத்தில் இல்லை. யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். மெக்கானிக் எங்கோ கவிழ்ந்து கிடந்த ராணுவ வண்டியிலிருந்து ஓர் என்ஜினைக் கொண்டுவந்து பொருத்தினார். கூரையை அறுத்தோம், சீட்டை இறக்கினோம். சிரம்பானுக்கு வெளியே ஒரு திடலில் நடந்த பந்தயத்தில் ஓட்டினேன். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் பெரிய பெரிய கார்களோடு ஓடி முடித்தேன். அக்கா வந்து பார்த்துவிட்டு, "இம்புட்டுச் சத்தம் போடுதே, வயித்துக்கு ஏதும் சேரலையா?" என்று கேட்டார். நாங்கள் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அவருடைய புருசன் சயாமிலிருந்து திரும்பவே இல்லை. மெக்கானிக் மறுபடி பட்டறை வைத்ததும் முதல் வேலையாக ஓர் இளங்காளையை நடத்திக்கொண்டு வந்து அக்காவின் கொட்டகையில் கட்டினார். அக்கா வேண்டாமென்று சொல்லவில்லை. அவரைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

அதற்குப் பிறகு எத்தனையோ துணிச்சல்காரர்களைப் பார்த்துவிட்டேன். கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். ஆனாலும் இன்றைக்கும் யாராவது ஓர் உதவி கேட்டு, இல்லை என்று சொல்ல நான் ஒரு சாக்கு தேட ஆரம்பித்தால், அந்த வெயிலில் குனிந்து இழுத்துக்கொண்டு போன முதுகு கண்முன்னே வந்து நிற்கிறது. கேட்டதைச் செய்ய எழுந்துவிடுகிறேன்.