கிணற்றடி முள்மரத்துத் துணி

பிரெஞ்சுத் தலைநகரில் எங்கள் கடைத்தெருவான லாச்சப்பலில் தேர் ஓடி முடிந்த பிறகு தெருவைப் பார்த்தவர்களுக்கு வரதராசா அண்ணையைத் தெரிந்திருக்கும். உடைத்த தேங்காய் குவியல் குவியலாகக் கிடக்கும், கால் வைத்தால் வழுக்கும். எல்லோரும் அன்னதானப் பந்தலுக்கு ஓடிய பிறகும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தும்புத்தடியால் ஓடுகளைக் கூட்டிக்கொண்டு நிற்கும் நரைத்த மனிதர் அவர்தான்.

"அண்ணை, நகரசபைக்காரர் சம்பளத்துக்கு வருகினம். விடுங்கோ" என்று ஒவ்வொரு வருடமும் நான் சொல்வேன்.

"அவைக்கு அது வேலை. எனக்கு உழவாரமடா தம்பி."

கோயிலைச் சுத்தம் செய்யும் அந்தத் தொண்டில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. பிழைப்புக்கு ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். அங்கே கழுவியது போதாதென்று, வீட்டில் மனைவி கழுவி வைத்த கோப்பையையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். "இந்த மனிசனோடை குடும்பம் நடத்தினதுக்கு எனக்குத்தான் பென்சன் தரவேணும்" என்பார் கோசலை அக்கா.

ஒரே மகள் துஷாந்தி. அவர்கள் குடியிருந்த புறநகரான ஆர்ஜொந்தெயில் பிறந்து வளர்ந்தவள். தகப்பன் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் வரும். வேலைக்கென்று அயர்லாந்து போனவள் அங்கேயே ஒருவனைக் கட்டிக்கொண்டாள். அண்ணை கொஞ்சநாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு வழிக்கு வந்தார். பிறகு வந்ததுதான் பெரிய கவலை. வருடங்கள் போயும் பிள்ளையில்லை. ரூ பெர்தொனேயில் மரக்கறி வாங்கப் போனால்கூட, யாராவது ஒருத்தி வெண்டிக்காயின் நுனியை முறித்துக்கொண்டே "மகளுக்கு விசேஷம் ஒண்டும் இல்லையோ?" என்பாள். கோசலை அக்கா அந்தத் தெருப்பக்கம் போவதையே குறைத்துக்கொண்டார். மகளிடம் இதைப் பற்றிப் பேசத் தகப்பனுக்கு வாய் வரவில்லை. நாங்கள் அப்படித்தான். அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் கூசாமல் கேட்பதைச் சொந்தப் பிள்ளையிடம் கேட்க மாட்டோம்.

சென்ற வருடம் வேலையிலிருந்து ஓய்வு கிடைத்ததும் இருவரும் மகளிடம் போனார்கள். கால்வே நகருக்கு அப்பால் ஒரு கிராமம். மருமகனின் தாய் மோய்ரா, முதல் நாளே சம்பந்திமாரைப் புனிதக் கிணறு பார்க்கக் கூட்டிப்போனார். வயல் நடுவே கல் அடுக்கிக் கட்டிய சிறிய ஊற்று. பிரிஜித் என்ற புனிதையின் கிணறாம். சனங்கள் அதை வலமாகச் சுற்றிக் கும்பிடுகிறார்கள் என்றதும் அண்ணைக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "பாரப்பா, வெள்ளைக்காரரும் வலம் வருகினம்!" என்று மனைவியை இடித்துக் காட்டினாராம்.

ஒன்றுதான் அவரை உறுத்தியது. ஊற்றின் மேல் சாய்ந்திருந்த முள்மரம் நிறையக் கந்தல். கிழிந்த சட்டைத் துண்டு, கைக்குட்டை, குழந்தையின் காலுறை, எல்லாம் மழையில் ஊறிக் கறுத்துத் தொங்கின. சாமிக்குப் புதுத்துணி சாத்திப் பழகியவருக்கு அந்தக் காட்சி பொறுக்கவில்லை.

ஏன் தொங்குகிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஊரில் பிள்ளைவரம் வேண்டி மரத்தில் தொட்டில் கட்டியவர்களைப் பார்த்த மனிதர்தானே! ஆனால் அது மஞ்சளில் நனைத்த புதுத்துணி. அழுக்குக் கந்தலும் நேர்த்திக்கடனாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் தோன்றியிராது.

அடுத்த நாள் வீடு எழும்புமுன் கத்தியும் குப்பைப் பைகளுமாகப் போய்விட்டார். ஊற்றிலிருந்து பாசியை வழித்தார், சருகை அள்ளினார், துணிகளை ஒவ்வொன்றாக அறுத்தார். ஒரு துண்டில் மட்டும் கை நின்றது. பச்சைப் பருத்தி, மாங்காய்க் கரை. 'எங்கடை கடைச் சாமான் இஞ்சை வரைக்கும் வந்திட்டுதே' என்று தனக்குள் சிரித்துக்கொண்டார். முடிச்சு இறுகியிருந்ததால் அதையும் கத்தியால் அறுத்தார். பைகளைத் தெருவில் கொண்டுபோய் வைக்க, குப்பை வண்டி வந்து அள்ளிப்போனது.

மத்தியானம் சாப்பாட்டு மேசையில் பெருமையோடு சொன்னார். மாமிக்கு அதை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கிய துஷாந்தி பாதியில் நின்றுவிட்டாள். மிச்சத்தை மோய்ராவே விளங்கிக்கொண்டார். அவர் கோபிக்கவில்லை. மெல்ல விளக்கினார். நோவோ குறையோ உள்ள உடம்பில் பட்ட துணியை ஊற்றில் நனைத்துக் கட்டுவார்களாம். துணி உக்கி இற்றுப்போகப் போக அந்தக் குறையும் விலகுமாம். அதனால்தான் பழைய துணி. மனிதக் கை அவிழ்த்தால் வேண்டியது கிடைக்காதாம்.

துஷாந்தி தகப்பனைப் பார்த்துத் தமிழில் கேட்டாள்.

"அப்பா, அதுக்குள்ளை பச்சைத் துண்டு ஒண்டு இருந்ததோ? நீங்கள் பொங்கலுக்கு வாங்கித் தந்த சீலையிலை கிழிச்சுக் கட்டினனான்."

அப்போதுதான் அவருக்கு அந்தச் சேலை நினைவுக்கு வந்தது. கடைக்காரரோடு பேரம் பேசி வாங்கியது, மகள் உடுத்திக் காட்டியது, எல்லாம்.

"இல்லைப் பிள்ளை. பச்சை ஒண்டும் நான் காணேல்லை."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப அது தானாய் உக்கி விழுந்திட்டுது!" என்று கத்தி, மாமியைக் கட்டிக்கொண்டு அழுதாள். கோசலை அக்காவும் அழுதார். அண்ணை எழுந்து வெளியே போனார்.

இந்த வருடத் தேரன்று அவர் கையில் தும்புத்தடி இல்லை. தேங்காய் ஓடுகளைப் பார்த்தபடி நடைபாதையில் சும்மா நின்றார். சுகமில்லையோ என்று கேட்டேன். அன்றுதான் முழுவதையும் சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது.

"இப்பவாவது பிள்ளையிட்டை உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை."

"சொன்னா மன்னிப்பாளடா. அவள் நல்ல பிள்ளை. பிறகு எதைப் பிடிச்சுக்கொண்டு இருப்பாள்?"

இன்றைக்கும் அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு, அதைவிடப் பரிதாபம் உண்டு.

போன ஞாயிறு ஆர்ஜொந்தெயில் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். துஷாந்தி தொலைபேசியில் வந்தாள். கோசலை அக்கா வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டார்.

"இந்த மாசமும் இல்லையம்மா. பரவாயில்லை, துணி உக்கிப் போச்சுத்தானே. மரத்திலை அது இல்லையெண்டு அப்பா சொன்னவர்தானே."

அண்ணை எழுந்து குசினிக்குள் போனார். அக்கா கழுவிக் கவிழ்த்து வைத்த கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பவும் கழுவத் தொடங்கினார்.