மூக்கு டீச்சர்

உள்ளே நுழைந்ததும் ஏசியை அணைப்பார், ஜன்னலைச் சாத்துவார், வளையல்களைக் கழற்றி மேஜை இழுப்பறையில் போடுவார். ஒலிப்பதிவு அறையில் சின்னச் சத்தம்கூட மூக்கு டீச்சருக்கு ஆகாது. வந்தவர்கள் வியர்த்து வழிந்தால், "கொஞ்சம் பொறுத்துக்கோங்க, காத்து அப்புறம் வாங்கிக்கலாம்" என்பார்.

மருத்துவமனையில் அந்தப் பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. மேல்வாயில் அண்ணப் பிளவோடு பிறந்து அறுவை செய்துகொண்டவர்கள் பேசும்போது, வாய்வழியே வரவேண்டிய ஒலி மூக்குவழியே எவ்வளவு கசிகிறது என்று அளப்பதுதான் வேலை. மேலுதட்டில் ஒரு தகட்டை வைத்துப் பிடித்தால், தகட்டின் மேலே உள்ள மைக் மூக்கின் ஒலியையும் கீழே உள்ளது வாயின் ஒலியையும் வாங்கிக்கொள்ளும். திரையில் மூக்குக்கு ஒரு கோடு, வாய்க்கு ஒரு கோடு. பழக்கதோஷம், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் பேசினாலும் கண்ணை மூடி அளந்துவிடுவார். கணவருக்கு ஜலதோஷம் பிடிக்கப்போவது கணவருக்கு முன்னால் இவருக்குத் தெரியும்.

அன்று ஒரு தாய், கல்லூரிக்குப் போகும் மகளோடும் துணிப்பையோடும் வந்தார். பெண்ணுக்கு ஏற்கெனவே இரண்டு அறுவை. அளவு மோசமாக இருந்தால் மறுநாளே மூன்றாவது.

"மறுபடியும் கத்தியா டீச்சர்? இவ தாங்கமாட்டா," என்றார் தாய்.

"காக்கா பறக்குது" என்று சொல்லிக் காட்டினாள் பெண். மூக்குக்கு வேலையே இல்லாத வாக்கியம். மூக்குக்கோடு படுத்துக் கிடக்க வேண்டும். அது விருட்டென்று எழுந்து நின்றது. தாயின் முகம் தொங்கிப்போயிற்று.

டீச்சருக்கு உறுத்தியது. காதில் தெளிவாகத்தானே விழுந்தது? தகட்டைத் துடைத்துத் தன் உதட்டில் வைத்து, தானும் ஒரு காக்காவைப் பறக்கவிட்டார். அவருடைய கோடும் எகிறியது. அவர் அண்ணத்தில் ஒரு குறையும் கிடையாது.

காலையில் கழுவிய தகட்டைத் தலைகீழாக மாட்டியிருந்தார். மூக்கின் மைக் வாய்க்கு நேரே இருந்தது.

"தப்பு என்னோடதும்மா. அநாவசியமா உங்க வயித்துல புளியக் கரைச்சுட்டேன்."

திருப்பி மாட்டி, மறுபடி சொல்லச் சொன்னார். இன்னொரு முறையும் சொல்லச் சொன்னார். மூக்குக்கோடு படுத்தது படுத்தபடியே கிடந்தது. டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தாய் துணிப்பையைக் கட்டிக்கொண்டு அழுதார். நடுநடுவே சிரிக்கவும் செய்தார்.

டீச்சர் உடனே அறுவை மருத்துவரைப் போனில் பிடித்தார். "நாளைக்கு வேண்டாம் டாக்டர். தகட்ட நான்தான் மாத்தி மாட்டிட்டேன். பேச்சு நல்லா இருக்கு."

மருத்துவர் லேசில் விடவில்லை. நிஜமாகவா, நிச்சயமாகவா என்று குடைந்தார். "நீங்களே கேளுங்க டாக்டர்," என்றார் டீச்சர். ரிசீவரைப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொண்டார்.