உமேஷின் நெஞ்சும் அனுஷாவின் தூக்கமும்

ஜீவனஹள்ளியில் உமேஷின் பெயரைச் சொன்னாலே முதலில் சிரிப்பார்கள். பகலெல்லாம் பிள்ளை பார்க்கிற ஆம்பிளையாம்! தொண்ணூற்றெட்டாம் வருஷத்தில் அது அவ்வளவு பெரிய வேடிக்கை. பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு போல்ட் கம்பெனியில் அவனுக்கு நிரந்தர நைட் ஷிஃப்ட். காலையில் அவன் வீடு வந்து சேரும்போது, மனைவி சுனிதா கார்மெண்ட்ஸ் வேலைக்குக் கிளம்பி வாசலில் நிற்பாள். நாலு மாதக் குழந்தை அனுஷா ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறுவாள்.

தூளி கட்டியிருந்தால் கதையே வேறு. "ஷீட்டு கூரைப்பா, பைப்புல ஒண்ணும் தொங்கவுடாதே" என்று வீட்டுக்காரர் ஓஸ்வால்ட் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் உமேஷ் தன் நெஞ்சையே தூளியாக்கினான். கட்டிலில் சாய்ந்து, அவளை மேலே குப்புறப் போட்டு முதுகைத் தட்டினால் போதும், மகாராணி கண்ணை மூடிவிடுவாள். கீழே இறக்கினால் அவள் போடும் கூச்சலில் தெருவே கூடும். "எங்கிட்ட மட்டும்தான் தூங்குவா" என்று டீக்கடையில் பீற்றிக்கொள்வான்.

ராத்திரியெல்லாம் மெஷின் முன்னால் நின்ற உடம்பு எத்தனை நாள் தாங்கும்? ஒரு மத்தியானம் அவனும் அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிட்டான். விழித்தபோது நெஞ்சின் மேல் குழந்தை இல்லை. அவன் விலாவுக்கும் சுவருக்கும் நடுவே சரிந்து, தலை உருண்டையாக வரட்டும் என்று சுனிதா தைத்த கடுகுத் தலையணையில் முகம் புதைந்து கிடந்தாள். வாரி எடுத்தான். சத்தமே இல்லை. பிறகு வீறிட்டு அழுதாள். அவன் காதுக்கு அதைவிட இனிமையான சத்தம் உலகத்தில் இல்லை. அப்படியே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினான். குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று அவர் சொன்ன பிறகும் இன்னொரு தடவை பார்க்கச் சொன்னான்.

சாயங்காலம் சுனிதாவிடம் மறைக்காமல் சொன்னான். கத்துவாள் என்று நினைத்தான். அவளோ குழந்தையை அணைத்துக்கொண்டு அழுதாள்.

"நான் வேலைய வுட்டுடட்டுமா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் வுடவேணாம். நான் அவள பாயில தூங்கப் பழக்குறேன்."

"ஊசி போட்ட நர்ஸம்மா அன்னிக்கே சொன்னாங்க, மல்லாக்கப் படுக்கவைங்க, தலகாணி வேணாம்னு. நாமதான் காதுல போட்டுக்கல" என்றவள், கடுகுத் தலையணையை அப்போதே பிரித்துப் போட்டாள்.

மறுநாள் போர் தொடங்கியது. தரையில் பாய், அதன்மேல் சுருக்கமில்லாமல் ஒரு துணி, வேறொன்றும் கிடையாது. அனுஷாவுக்குக் கண் சொருகும்போதே மல்லாக்கக் கிடத்தினான். கத்தினாள். வயிற்றில் கை வைத்து, மெஷின் ஓடுவதுபோல் 'உம்... உம்...' என்று முனகினான். அடங்காவிட்டால் தூக்கிச் சமாதானப்படுத்தி மறுபடியும் பாய்க்கே கொண்டுவந்தான். தனக்குக் கண் சொக்கினால் எழுந்து முகம் கழுவினான்.

பக்கத்து வீட்டு மௌரீன் எட்டிப் பார்த்தாள். "இன்னாடா உமேஷ், புள்ளைய அழவுட்டு பாட்டு பாடிக்கினு கீறே?"

"பாட்டு இல்லக்கா, டூட்டி!"

விடாப்பிடிக்காரியின் அப்பனும் விடாப்பிடிக்காரன்தானே. போகப் போக அழுகை குறைந்தது. முனகல் தேவைப்படாமல் போயிற்று. வயிற்றில் கை வைத்தாலே தூங்கினாள்.

ஒரு நாள் அவள் தூங்கியதும் அவன் கட்டிலில் தனியாகப் படுத்தான். கொஞ்ச நேரத்தில் திடுக்கிட்டு விழித்து நெஞ்சைத் தடவினான். குழந்தை இல்லை. பாதி உயிர் போய்விட்டது. கீழே எட்டிப் பார்த்தான். பாயில் மல்லாந்தபடி காலை உதைத்துக்கொண்டு, அனுஷா தனக்குத்தானே ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். எப்போது விழித்தாளோ, அப்பனைக் கூப்பிடவே இல்லை. அவன் முகத்தைப் பார்த்ததும் பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள்.

உமேஷுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. இனி தூங்குவதற்கு அவளுக்குத் தன் நெஞ்சு வேண்டாம் என்கிற வருத்தமும் அதில் கொஞ்சம் இருந்தது. அதை மட்டும் அவன் சுனிதாவிடம் சொல்லவில்லை.