ஏறாத ஆளுக்கு டிக்கெட்

ஓசி என்ற சொல்லை ஆராயி வாயில் எடுத்ததே இல்லை. காப்பிப் பழம் பறித்துக் காய்த்துப்போன கையை நீட்டி, வெள்ளக்கடையிலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் காலை பஸ்ஸில் தினமும் சத்தமாக டிக்கெட் கேட்டாள். பொம்பளைகளுக்குத்தான் பஸ் இலவசமாச்சே, டிக்கெட் எதுக்கு என்று கண்டக்டர் ஜீவானந்தம் முதலில் சிரித்தார்.

அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. ஆள் ஏறுவதில்லை, அந்த பஸ்ஸை நிறுத்தப் போகிறோம் என்று கிராம சபையில் ஓர் அதிகாரி சொல்லிவிட்டுப் போயிருந்தார். இலவசத்தால் கஜானா காலி என்று டி.வி.யில் ஓயாமல் விவாதம் ஓடிய வருஷம் அது. பஸ்ஸோ பிதுங்கி வழிந்தது. பள்ளிப் பிள்ளைகளிடம் பாஸ். பெண்களுக்கு ஜீவானந்தம் டிக்கெட் அடிப்பதே இல்லை. அவர்களும் ஓசிப் பேச்சுக்குக் கூசி, கேட்காமல் பின்னால் போய் ஒண்டிக்கொண்டார்கள். டிக்கெட் மிஷின் கணக்கில் பஸ் காலி.

பஸ் நின்றால் ஏற்காட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் எட்டாவதோடு நின்றுவிடும். ஆராயி அப்படி நின்றவள். மகள் சக்தி அதே பஸ்ஸில் போய்ப் படித்து, ஓசூரில் எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர் ஆனவள். மிஷினில் ஏறாத ஆள் கணக்கில் இல்லை என்று போனில் அம்மாவுக்கு விளக்கியதும் அவள்தான்.

மறுநாளே ஆராயி படியை மறித்து நின்றாள். எல்லாப் பெண்களுக்கும் டிக்கெட் வராமல் பஸ் நகரக் கூடாது. ஏரி பார்க்க வந்த ஒருவர், எங்கள் வரிப்பணத்தில் ஓசியில் போகிறவர்களுக்கு அதிகாரம் வேறா என்றார்.

"ஏனுங்க, நான் சோப்பு வாங்கறப்ப வரி வேண்டாம்னு உட்டர்றாங்களா? உங்க சோப்பு மட்டும் நொம்ப நுரைக்குதுங்களோ?"

பஸ்ஸே சிரித்தது. ஜீவானந்தம் மிஷினை எடுத்தார். அன்று முதல் எல்லாப் பெண்களும் ஏறும்போதே கேட்டார்கள். பஸ்ஸை நிறுத்தும் பேச்சு அடங்கியது.

போன மாதம் எஸ்டேட்டில் மிளகுக் கொடியடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த ஆராயி எழவில்லை.

காரியம் முடிந்து, ஓசூர் திரும்ப சக்தி அதே பஸ்ஸில் ஏறினாள். ஜீவானந்தம் அவள் கையில் இரண்டு டிக்கெட் வைத்தார்.

"ஒண்ணு அதிகமுங்கண்ணா."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "அது அக்காளுக்கு, கண்ணு."

சக்தி அந்த டிக்கெட்டைப் பார்த்தாள். மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம். யாரும் கேட்கப் போவதில்லை.

"அம்மா ஏறலீங்க. ஏறாத ஆளுக்கு டிக்கெட் அடிச்சா, ஏறின ஆளும் பொய்யின்னு சொல்லிருவாங்க. அம்மா இதைக் கேக்கலீங்க."

அடுத்த வளைவில் அம்மாவோடு பழம் பறித்த செல்வமேரி கூடையோடு ஏறினாள். ஏறியதும் கையை நீட்டி, முன்சீட்டு வரை கேட்கும்படி டிக்கெட் கேட்டாள்.

அம்மாவுக்கென்று அவர் அடித்த டிக்கெட்டைச் சக்தி செல்வமேரியின் உள்ளங்கையில் வைத்தாள். பஸ்ஸில் எத்தனை பெண்களோ அத்தனை டிக்கெட். ஒன்றுகூடக் கூடுதல் இல்லை.