மாதாவின் காலடியில் ஒரு போத்தல்

முல்லைத்தீவுக் கரையில் எமில்டாவைப் போலப் பயந்து பயந்து வேலை செய்கிற பெண் வேறில்லை. மீன் தொட்டிகளுக்குள் வைக்கும் நீர்ச்செடிகளை வளர்த்து வவுனியாக் கடைகளுக்குக் கொடுப்பது அவள் தொழில். செடிகளுக்கான உரத்தையும் அவளே கரைப்பாள். கையுறையும் வாய்க்கட்டும் இல்லாமல் பொடியைத் தொடமாட்டாள். இரும்பு உரத்தையும் பொசுபேற்று உரத்தையும் சேர்த்து ஊற்றினால் திரண்டு அடியில் படிந்துவிடும் என்று வேறு வேறு போத்தலில்தான் வைப்பாள். மருந்துக்கடையா நடத்துகிறாய் என்று அயலெல்லாம் கேலி பண்ணியது. பண்ணட்டுமே. வீட்டில் நாலு வயது மகள் பிறின்சி ஓடித் திரிகிறாள்.

ஒருநாள் பொட்டாசியம் நைத்திரேற்றுக் கரைசல் இருந்த போத்தல் கீறல் விட்டு ஒழுகத் தொடங்கியது. வவுனியா பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவசரத்தில் கைக்கு அகப்பட்டது, மடு மாதா கோயிலிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்த, முன்பக்கம் மாதா படம் போட்ட வெறும் போத்தல். மூடி நல்ல இறுக்கம். கழுவி அதில் ஊற்றினாள். கரைசல் பச்சைத் தண்ணீரைப் போலத் தெளிவாக இருந்தது. 'நஞ்சு' என்று எழுதிய தாளை மாதாவின் படத்துக்கு மேல் ஒட்ட அவளுக்கு மனம் வரவில்லை. பின்பக்கம் ஒட்டினாள். பிள்ளைக்கு எட்டாத இடம் அந்த வீட்டில் சுவரில் உயர அடித்த, மாதா சிலை நிற்கும் சுரூபத் தட்டு ஒன்றுதான். மாதாவின் காலடியில் போத்தலை வைத்துவிட்டுச் செடிகளோடு கிளம்பினாள். எவ்வளவு கவனம் பாருங்கள், அவ்வளவும் பாழ்.

கணவன் கிறகோரி அன்று கடலுக்குப் போகவில்லை. மத்தியானம் பிறின்சிக்குக் காய்ச்சல் கொதித்தது. அந்த வீட்டில் காய்ச்சல் என்றால் பனடோலுக்கு முன் மடுத் தீர்த்தம். தட்டில் இருந்த போத்தலில் மாதாவின் முகம் தெரிந்தது. அவன் எட்டி எடுத்து, கோப்பையில் ஊற்றிப் பருக்கினான்.

எமில்டா திரும்பியபோது வீடு திறந்து கிடந்தது. பிள்ளையின் உதடு நீலம் பாரித்ததாகவும், கிறகோரி ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதாகவும் பக்கத்து வீட்டு மதலேனா சொன்னாள். மேசையில் அந்தப் போத்தல், மூடி கழன்றபடி. அதைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

என்ன கொடுத்தாய் என்று டொக்டர் கிறகோரியைக் கேட்டுக் கேட்டுக் களைத்திருந்தார். தீர்த்தத்தைத் தவிர ஒன்றுமில்லை என்று அவன் சத்தியம் பண்ணியிருந்தான். பாவி, பொய் சொல்லவில்லை. எமில்டா போத்தலைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினாள். அதற்குள் பிறின்சியின் முகத்தை மூடிவிட்டார்கள். கொஞ்சம் முந்தித் தெரிந்திருந்தால் மாற்று மருந்து ஏற்றியிருக்கலாம் என்றார் டொக்டர். அந்த மனுசனுக்கு அதைச் சொல்லாமல் விடத் தெரியவில்லை.

கிறகோரி அடிப்பான் என்று நினைத்து அவள் நின்றாள். அடித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவன் தாளை வாசித்தான். பிறகு போத்தலை மறுபக்கம் திருப்பி மாதாவின் முகத்தைப் பார்த்தான்.

"உப்புக் கரிக்குதப்பா எண்டு துப்பினவள், எமில்டா," என்றான். "மாதாவின்ர தண்ணியைத் துப்பக் கூடாதெண்டு நான்தான் வாயைப் பொத்தி விழுங்க வைச்சனான்."