கண்ணில் இல்லாத உமி

தர்மபுரத்தில் யோகலிங்கத்தைப் போல அருவருப்புப் பிடித்த கமக்காரர் இன்னொருவர் இல்லை. பிறர் வாய் வைத்த கோப்பையென்றால் சுடுதண்ணீரில் கழுவித் தந்தாலும் தொடமாட்டார். அப்பேர்ப்பட்ட மனிசன்தான் தன் வலது கண்ணுக்குள் இன்னொருவரின் நாக்கை விடச் சம்மதித்தார்.

அறுவடை மெசினுக்குப் பின்னால் நின்ற அன்று கண் சிவந்தது. வெளிச்சம் கூசியது, உள்ளே நொந்தது. வயலில் நின்றவருக்குக் கண் சிவந்தால் உமிதான் என்பது ஊரின் தீர்ப்பு. உமி எடுக்க முத்துலிங்கத்தார் என்ற கிழவர் இருந்தார். இமையை விரித்துப் பிடித்து, நாக்கு நுனியால் கண்ணை ஒருமுறை வழிப்பார். பிறகு நாக்கை நீட்டிக் காட்டுவார். அதில் உமி இருக்கும்.

வெற்றிலைச் சாறு ஊறிய நாக்கு அது. யோகலிங்கம் வேலிக்கரையில் குனிந்து குடல் வெளியே வருமளவுக்குச் சத்தி எடுத்தார். ஆனாலும் உமியைக் கண்டாரே, நம்பாமல் என்ன செய்வது? சிவப்பும் மெல்ல வடிந்தது. பிறகு திரும்ப வந்தது, திரும்பப் போனார், திரும்பவும் உமி. வயல் பக்கமே போகாத மாதத்திலும் கண்ணுக்குள் உமி எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை. மண்டைக்குள் களிமண்ணா இருந்தது?

கடைசியில் அந்தக் கண்ணில் எல்லாம் புகை மூடியதுபோல மங்கியது. மனைவி தேனுகா அவரை வவுனியாவுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கண் டொக்டர் நிசாந்தினிக்கு முன்னால் இருத்தினாள். டொக்டர் கருவிக்குள்ளால் நெடுநேரம் பார்த்தா.

"உமி பட்ட அடையாளமே இல்லை, ஐயா. இது கண்ணுக்கு உள்ளுக்க வாற அழற்சி. ரத்தத்தில ஓடுற வெள்ளையணுக்கள் வழமையாக் குழாயோட போயிடும். அழற்சி வந்தால் குழாயின்ர உள்சுவரில ஒட்டு மூலக்கூறுகள் கூடிப்போகும். பிலாப்பாலில ஈ ஒட்டுற மாதிரி அணுக்கள் அதில ஒட்டி, சுவருக்குள்ளால நுழைஞ்சு கண்ணுக்குள்ள இறங்கிடும். அப்பிடி இறங்கினதுதான் உங்கட கண்மணியின்ர ஓரத்தைக் கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸோட ஒட்ட வச்சிருக்கு."

தானாக வடிந்து தானாக வருவது இந்த நோயின் குணமாம். துளி மருந்து அந்த ஒட்டைக் குறைக்குமாம். முதலே வந்திருந்தால் கண் இப்படி ஆகியிராது, இனி மிச்சப் பார்வையைக் காக்கப் பார்க்கலாம் என்றா.

உமி கண்ணில் இல்லையென்றால் அது எங்கேயிருந்து வந்தது? பஸ்ஸில் வரும்போதுதான் அவருக்கு உறைத்தது. கிழவர் வெற்றிலையோடு கடைவாயில் ஒதுக்கி வைத்திருந்த உமி! எச்சிலில் ஊறிய பொய்யை எத்தனை முறை கண்ணுக்குள் வாங்கினார். அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

இறங்கியதும் முத்துலிங்கத்தார் வீட்டுக்கே போனார். அங்கே நிரோஜா என்ற இளம் தாய், கண் சிவந்த மகளை மடியில் அழுத்திப் பிடித்திருந்தாள். கிழவர் வெற்றிலையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டிருந்தார். இது சுத்த ஏமாற்று, பிள்ளையைக் கொண்டு போ என்று யோகலிங்கம் கத்தினார்.

நிரோஜா நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கள்தானே அண்ணை, கோயிலடியில வச்சு இவரிட்டக் கொண்டுபோகச் சொன்னனீங்கள்?"

அவருக்குத் தன் வாயிலேயே அந்த எச்சில் நாறியது. ஓம், ஊர் முழுக்க அவர்தான் சொல்லித் திரிந்தார்.

"நான்தான் சொன்னனான். இப்ப என்ர கண்ணை வடிவாப் பாருங்கோ."

குனிந்து, இமையைத் தன் விரலாலேயே விரித்துக் காட்டினார். கண்மணி வட்டமாக இல்லை. ஓரம் கிழிந்ததுபோலக் கோணி, நடுவில் வெள்ளை படர்ந்து கிடந்தது. நிரோஜா முகத்தைச் சுழித்தாள், வாயைப் பொத்தினாள். பிறகு பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, கிழவர் கூப்பிடக் கூப்பிட வெளியே நடந்தாள்.