நாற்பத்தொரு தலைகள்

நாற்பத்திரண்டு. அன்று காலை ஏழரைக்குத் துறையில் படகேறியவர்கள் அத்தனை பேர். எண்ணியவள் பதினொரு வருஷமாக இதே வேலையில் இருப்பவள். படகில் எல்லோருக்கும் அவள் அக்கா. டிப்போவில் பஸ் மெக்கானிக்காக இருக்கும் கணவர் வைத்த பெயர் ‘தலையெண்ணி’. சலவைக்கடைக்கு மேலே இரண்டு அறை வீடு. அம்மா தட்டில் விழும் பட்டாணியைக்கூட எண்ணித்தான் சாப்பிடுவாள் என்று மகன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான். நீச்சல் மட்டும் அவளுக்குத் தெரியாது. யாராவது கேட்டால், “நான் எண்ண வந்தேனா, நீந்த வந்தேனா?” என்பாள்.

படகு ஒன்றரை மணி நேரத்தில் தீவுக்குப் போகும். முகமூடியும் மூச்சுவிடும் ஸ்நார்கெல் குழாயும் மாட்டிக்கொண்டு ஜனங்கள் பவளப்பாறைக்கு மேலே மிதந்து மீன் பார்ப்பார்கள். மணலில் புரள்வார்கள், தர்பூசணி தின்பார்கள், மேல்தளத்தில் குப்புறப் படுத்துத் தூங்குவார்கள். ஏணிக்குப் பக்கத்தில் ஒரு நீலப் பலகை. அதில் ஆளுக்கொரு ஆணி, ஆணிக்கொரு எண் வில்லை. தண்ணீரில் இறங்குபவர் தன் வில்லையைக் கையில் கட்டிக்கொள்ள வேண்டும். ஏறியதும் பழையபடி மாட்ட வேண்டும். பலகை நிறைந்தால் கடலில் யாரும் இல்லை என்று அர்த்தம். அதற்குப் பிறகும் அவள் ஒருமுறை தலைகளை எண்ணுவாள்.

அன்று மதியம் மூன்று மணிக்குப் பலகை நிறைந்திருந்தது. அதைப் பார்த்து நீச்சல் காவலர் ஏணியைத் தூக்கிக் கட்டிவிட்டார். ஒலிபெருக்கியில் பாட்டு அலறியது. அவள் எண்ணினாள். நாற்பத்தொன்று.

கழிப்பறைக் கதவைத் தட்டினாள். காலி. மேல்தளத்துக்கு ஏறி, தூங்குகிறவர்களின் காலைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். மறுபடியும் நாற்பத்தொன்று.

“கேப்டன், ஒரு ஆள் குறையுது.”

“பலகை நிறைஞ்சிருக்கே அக்கா.”

“தலை குறையுதே.”

கேப்டன் சிரித்தார். “போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்க. கடைசில அம்மா துண்டுக்குள்ள குழந்தை தூங்கிட்டிருந்துச்சு. முக்கால் மணி நேரம் போச்சு.”

அது உண்மைதான். அதற்காக அலுவலகத்தில் கூப்பிட்டு, இன்னொரு முறை இப்படி ஆனால் துண்டு மடிக்கிற வேலைக்குப் போகலாம் என்று மேலாளர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அவளுக்குத் தன் கண்மேலேயே ஒரு சந்தேகம். நாமே தப்பாக எண்ணியிருந்தால்?

“தண்ணி வத்துது அக்கா. இன்னும் இருபது நிமிஷம் நின்னா அடிப்பக்கம் பாறைல உரசும். அப்புறம் நாற்பத்திரண்டு பேரும் இங்கதான் குடித்தனம் பண்ணணும்.” அவர் கை சாவிக்குப் போனது.

அவள் முந்திக்கொண்டாள். சாவியை உருவி முஷ்டிக்குள் வைத்துக்கொண்டாள்.

“என்னக்கா இது, விளையாட்டா?”

“ஒரு தடவை கூப்பிட்டுப் பாத்துடறேன் தம்பி. இல்லன்னா நாளைக்கே துண்டு மடிக்கப் போயிடறேன்.”

அவள் ஒலிவாங்கியை எடுத்து, பாட்டுக்கு மேலே கத்தி எண்களைக் கூப்பிட்டாள். ஒன்று, இரண்டு என்று குரல்கள் வந்தன. “உள்ளேன் டீச்சர்!” என்றார் ஏழாம் எண் வழுக்கைத்தலையர். எல்லோரும் சிரித்தார்கள். பதினாறுக்கு மேல்தளத்தில் ஓலைத் தொப்பிக்கு அடியிலிருந்து ஒரு பெண்ணின் கை எழுந்தது.

“பதினேழு!”

பதில் இல்லை.

“பதினேழு யாரு?”

ஓலைத் தொப்பி விலகியது. குமட்டலுக்கு மாத்திரை போட்டு அசந்து தூங்கியவர், கண்ணைக் கசக்கினார். “எங்க வீட்டுக்காரர். கீழ இல்லையா?”

“வில்லை பலகைல இருக்கேம்மா?”

“கையில உரசுதுன்னு கழட்டி எங்கிட்ட குடுத்துட்டாரு. நான் ஏறினப்போ ரெண்டையும் சேர்த்து மாட்டிட்டேன். அவர் இன்னும் கொஞ்சம் மீன் பாத்துட்டு வரேன்னாரு…” சொல்லி முடிக்கவில்லை, அந்த அம்மாவின் முகம் வெளுத்தது.

சிரிப்பு அப்படியே நின்றது. ஆளாளுக்கு ஓரத்துக்கு ஓடினார்கள். பாறைக்கு மேலே வெறும் தண்ணீர் பளபளத்தது. குழாயும் இல்லை, தலையும் இல்லை. நீச்சல் காவலர் ரப்பர் படகை இறக்கப் போனார். அந்த அம்மா கணவரைக் கூப்பிட்டு அலறினார்.

“பாட்டை நிறுத்துங்க!” என்றாள் அவள். “யாரும் பேசாதீங்க. மூச்சுகூட விடாதீங்க.”

பாட்டு நின்றது. ஒருவர் அந்த அம்மாவை அணைத்து வாயைப் பொத்தினார். படகின் வயிற்றில் அலை மோதும் சத்தம் மட்டும் இருந்தது.

டொக்.

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். காலுக்கு அடியிலிருந்து வந்தது. டொக். டொக். பின்பக்கம், ஏணி கட்டியிருந்த மிதிமேடைக்குக் கீழே.

காவலர் குதித்தார். அவர் திரும்பி மேலே வர எவ்வளவு நேரம் ஆனது என்று பிறகு ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். அவள் மட்டும் எண்ணவில்லை. முஷ்டிக்குள் சாவி உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியவில்லை.

ஏணி போன பிறகு வந்து சேர்ந்த மனிதர், பிடிமானத்துக்கு மேடைக்கு அடியில் கை விட்டிருக்கிறார். அங்கே வடம் மாட்டும் இரும்புக் கொக்கியில் மிதவைச் சட்டையின் வார் சிக்கிவிட்டது. அலை தூக்கியபோதெல்லாம் முகம் முங்கியது. இரண்டு அலைகளுக்கு நடுவே நாலு விரல்கடைக் காற்று. கத்திய கத்தலைப் பாட்டு விழுங்கிவிட்டது. காவலர் வாரை அறுத்து இழுத்து வந்தபோது அவர் உதடு நீலம் பாய்ந்திருந்தது. நெற்றியில் ரத்தம். உயிர் இருந்தது.

கேப்டன் குனிந்து மேடைக்கு அடியில் பார்த்தார். கொக்கியிலிருந்து, என்ஜின் சுழற்றும் படகின் விசிறிக்கு ஒரு முழம்கூட இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“சாவி குடுக்கட்டுமா தம்பி?”

“கொஞ்சம் இருங்கக்கா,” என்றார். “கை நிக்கட்டும்.”

பாறையில் இரண்டு இடத்தில் உரசித்தான் படகு வெளியே வந்தது. பதினேழாம் எண்காரர் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். மறுநாள் காலை வெல்டர் வந்து கொக்கியை அறுத்தெடுத்தார்; படகு இரண்டு மணி நேரம் தாமதமாக, அவள் எண்ணி ஏற்றிய முப்பத்தெட்டுப் பேரோடு தீவுக்குக் கிளம்பியது.